கனவில் வளர்ந்த பிராணி: வின்சர் மெக்கேயின் ‘தி பெட்’ பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1921-இல் வெளியிட்ட மூன்று கனவு அனிமேஷன் குறும்படங்களில் ஒன்று ‘தி பெட்’ (The Pet, அதாவது வளர்ப்புப் பிராணி). மௌனப் படம். ராத்திரி டோஸ்ட் மேல் சீஸை உருக்கி ஊற்றித் தின்றவனுக்குக் கெட்ட கனவு. மனைவி வளர்க்க எடுத்த ஏதோ ஒரு பிராணி பால், வீட்டுப் பூனை, தட்டுமுட்டுச் சாமான் என எல்லாவற்றையும் விழுங்கி, நகரத்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மலை மாதிரி நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

கேள்வி: முதல் பாதியில் தூக்கம்தான் வந்தது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

தூக்கம் வந்ததில் உங்கள் தப்பு இல்லை. மெக்கே பத்திரிகைக் கார்ட்டூன்காரர். ‘சைலஸ்’ என்ற புனைபெயரில் 1904 முதல் நியூயார்க் ஈவ்னிங் டெலிகிராமில் இதே கனவுக் கதைகளைப் படக்கதைத் தொடராக வரைந்தவர். அங்கிருந்த பேச்சுக் குமிழியை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். குமிழி தோன்றினால் வாசித்து முடிக்கும் வரை புருஷனும் பெண்டாட்டியும் சிலையாக நிற்க வேண்டும். காகிதத்தில் வாசகர் தன் வேகத்தில் கண்ணை ஓட்டலாம், திரையில் அது நடக்காது. போதாததற்குக் கேமரா பெரும்பாலும் மேடை நாடகம் பார்ப்பது போல ஒரே தூரத்தில் நிற்கிறது. முகத்துக்கு அருகே போவதில்லை.

கொண்டாட்டம் பிராணி வீட்டை விட்டு வெளியே வந்த பிறகான காட்சிகளுக்கு. அங்கே கட்டடம், புகை, விமானம் எல்லாம் தூரம் போகப் போகச் சிறிதாகும் கணக்கில், கோடு பிசகாமல் நிற்கின்றன. கனவு என்பதற்காக எதையும் கலங்கலாக வரையவில்லை. நடக்கவே முடியாத ஒன்றை, நேரில் பார்த்து வரைந்த கறாரோடு காட்டுகிறார். படத்தின் பலம் அதுதான்.

கேள்வி: அனிமேஷன் படிக்கிறேன், சார். நான் வரையும் ராட்சச உருவம் எப்போதும் பொம்மை மாதிரியே தெரிகிறது. மெக்கேயிடம் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் அளவுகோலைக் கவனியுங்கள். பூனை, மேசை, வீடு, மாடிக் கட்டடம் என்று நமக்கு அளவு தெரிந்த பொருள்களை வரிசையாகப் பக்கத்தில் வைக்கிறார். வெறும் வானத்துக்கு எதிரே நிறுத்தினால் எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் பலிக்காது.

அடுத்தது வேகம். பெரும்பாலும் இங்கேதான் கெடும். உயரம் 4 மடங்கானால் காலடி நேரம் 2 மடங்காக வேண்டும். 16 மடங்கானால் 4 மடங்கு. மனித உயர உருவத்துக்கு ஓர் அடி எடுத்து வைக்க, விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 12 பிரேம் என்றால், 4 மடங்கு உயரத்துக்கு 24, 16 மடங்குக்கு 48. இடிந்து விழுவதற்கும் இதே கணக்கு. 20 மீட்டர் உயரத்திலிருந்து செங்கல் தரை சேர சுமார் 2 விநாடி, அதாவது 48 பிரேம். பலரும் அதை 10, 12 பிரேமில் கீழே போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியே மாளிகை தீப்பெட்டி ஆகிவிடும்.

வளர்ச்சியைக் காட்டும்போது ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு கூட்டாதீர்கள். 5 செ.மீ. 6 ஆவது 20 சதவீதம், 20 செ.மீ. 21 ஆவது வெறும் 5 சதவீதம். வளர்ச்சி பாதியில் சோர்ந்துபோனது போல் தெரியும். சதவீதமாகக் கூட்டுங்கள்: படத்துக்கு 7 சதவீதம் என்றால் பத்துப் படத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உருவத்தைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனைச் சேர்த்துப் பெரிதாக்க வேண்டாம். காலடிக்கு முன்னால் ஏதாவது ஒரு கட்டடத்தைத் தனி அடுக்கில் வைத்து மறையுங்கள். இல்லாவிட்டால் உருவம் தரையில் ஊன்றாமல் மிதக்கும்.

கேள்வி: நான் பார்த்த பிரதியில் எல்லாரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள். படமே அப்படித்தானா?

இல்லை, வேகம் தப்பாக ஏற்றிய பிரதி. மௌனப் படங்களுக்கு ஒரே நிலையான வேகம் கிடையாது, ஆனால் விநாடிக்கு 16 பிரேம் அளவில் ஓட்டிப் பார்ப்பது பொருத்தம். அதை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். பிராணியின் கனம் முழுக்கப் போய்விடும்.

சோதிப்பது எளிது. இடைவிடாத அசைவுள்ள ஒரு துண்டை எடுத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். மூன்றில் ஒரு பிரேம் முந்தியதன் நகலாகத் திரும்பத் திரும்ப வந்தால் வேகம் ஏற்கனவே சரிசெய்யப்பட்டிருக்கிறது, அப்படியே பாருங்கள். நகலே இல்லாமல் விநாடிக்கு 24 பிரேமும் புதிதாக ஓடினால், பிளேயரில் வேகத்தை 0.67 ஆகக் குறையுங்கள். பின்னணி இசை இழுபடும். அது பிற்பாடு சேர்த்ததுதான், ஒலியை அணைத்துவிடலாம்.

கேள்வி: ‘கிங் காங்’ இதைப் பார்த்துச் சுட்டதுதானே?

காலவரிசையில் இது 12 வருஷம் மூத்தது. நகரத்து நடுவே ராட்சச விலங்கு, அதை விமானங்கள் தாக்குவது, இரண்டும் இங்கே உண்டு. அதை மட்டும் வைத்துச் சுட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: மெக்கேயின் 1914 படமான ‘கெர்ட்டி’யில் வரும் டைனோசர் திட்டினால் அழுகிறது, முரண்டு பிடிக்கிறது. ஏழு வருஷம் கழித்து வந்த இந்தப் பிராணிக்கு மனசே இல்லையே, ஏன்?

சரியான குறை. இதற்குப் பசி மட்டும்தான். கனவில் வரும் பயத்துக்கு மனசு வேண்டியதில்லை என்று மெக்கே பக்கம் நின்று வாதாடலாம். ஆனால் புருஷனும் மனைவியும்கூட வெறும் அச்சுகளாக இருப்பதால், யாருக்காகவும் நாம் பதறுவதில்லை. கனவு என்று முதலிலேயே தெரிந்துவிடுவது வேறு பதற்றத்தைக் குறைக்கிறது.

தொழில்நுட்பத்தில் மட்டும் முன்னேற்றம். ‘கெர்ட்டி’யில் பின்னணியையும் ஒவ்வொரு அரிசித்தாளிலும் உதவியாளர் திரும்ப வரைந்ததால் பாறைக் கோடெல்லாம் நடுங்கும். ‘தி பெட்’ காலத்தில் மெக்கே கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளுக்கு மாறியிருந்தார். உருவத்தை அதில் வரைந்து ஒரே பின்னணி மேல் வைப்பதால் பின்னணி அசையாமல் நிற்கிறது. கட்டடக் காட்சிகள் எடுபடுவதற்கு அது பெரிய காரணம்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா? உரிமை வாங்க வேண்டுமா?

மூலப்படத்துக்கு அமெரிக்காவிலும் இந்தியாவிலும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்த்த இசைக்கு உரிமை இருக்கலாம். ஒலியில்லாமல் போட்டு, யாராவது குமிழிகளைத் தமிழில் உரக்க வாசிப்பது நல்லது. பூனையை விழுங்குவதும் எலி மருந்து வைப்பதும் வருகின்றன. 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

கேள்வி: மற்ற இரண்டு கனவுப் படங்களையும் தேடிப் பார்க்கலாமா?

‘தி ஃப்ளையிங் ஹவுஸ்’ கட்டாயம் பாருங்கள். வீட்டுக்கு இறக்கை கட்டி நிலா வரை போகும் பயணம். அமெரிக்க அனிமேஷன் கலைஞர் பில் பிளிம்ப்டன் 2011-இல் வண்ணமும் குரலும் சேர்த்த பதிப்பும் உண்டு, ஆனால் பழையதை முதலில் பாருங்கள். ‘பக் வாடவில்’ பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வித்தை காட்டிப் போவது. மூன்றில் பலவீனமானது, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.