வசதியில்லாத பையன்களுக்கும் இளம் அப்பாக்களுக்கும் உதவும் தொண்டில் சேர நினைக்கிறேன். சேரும் முன் எதை யோசிக்க வேண்டும்?

ஒரு வருடமாவது அதே பையனுக்காக வாராவாரம் நேரம் ஒதுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சில வருடங்களாக இந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: பணம், படிப்பு, பேச்சுத்திறமை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1904இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் கோல்ட்டர் என்ற நீதிமன்ற எழுத்தர், வழக்கில் சிக்கிய பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவிட்டார். 'பிக் பிரதர்ஸ்' (பெரிய அண்ணன்கள்) என்ற தொண்டு அமைப்பு அப்படித் தொடங்கியதுதான். அந்த அமைப்பில் சேர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துணை ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கே அதிகப் பலன் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகள் தங்களையே மட்டமாக நினைக்க ஆரம்பித்திருந்தார்கள். பாதியில் விடுவதைவிடச் சேராமல் இருப்பது மேல்.

பையன்களை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் "ம்" என்பதோடு சரி. கழன்ற சைக்கிள் சங்கிலியைச் சேர்ந்து மாட்டும்போது, கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், வீட்டுக் கதை தானாக வெளியே வரும். அப்போது அறிவுரை சொல்லாதீர்கள்.

இளம் அப்பாக்களின் கஷ்டம் வேறு. பல மருத்துவமனைகளில் அம்மாவிடம் மட்டும்தான் பேசுவார்கள். பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்கும் பையன் யார் கண்ணிலும் படமாட்டான். எங்கள் குழுவில் ஒருவன் தன் குழந்தையைத் தூக்கவே பயந்தான். அதுவரை அவன் கையில் யாரும் கொடுத்ததே இல்லை. தலைக்கும் கழுத்துக்கும் கையை எப்படி அணைகொடுப்பது, குளிக்கவைக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் எப்படிப் பார்ப்பது என்று பொம்மையை வைத்துக் காட்டினோம். கொஞ்ச நாளில், புதிதாக வந்தவர்களுக்கு அவனே காட்டிக்கொடுத்தான். வேலை இல்லாதது, வீட்டில் நடக்கும் சண்டை பற்றியெல்லாம் அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான்.

இப்படி அப்பாக்களைக் குழுவில் பழக்குவது பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. ருவாண்டாவில் இளம் பெற்றோருக்காக நடந்த 'பண்டெபெரெஹோ' குழுக்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களின் வீடுகளில் மனைவியை அடிப்பதும் பிள்ளையை அடிப்பதும் குறைந்திருந்தன.

சேரும் அமைப்பில், சேருகிறவர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி, உங்களை மேற்பார்க்க ஒரு ஆள் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பையன் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இடையில் விலக நேர்ந்தால் அவனிடம் நேரில், முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.