உலகமே கவிழ்ந்தாலும் மளிகைச் சீட்டு பிழைக்க…

கேள்வி: மளிகைச் சீட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய குறிப்பு, வகுப்பில் கைமாறிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் உலகப் பேரழிவிலிருந்து காப்பாற்ற ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். இதில் அர்த்தம் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. காவியங்களுக்கு ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருக்கின்றன. உங்கள் சீட்டுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மரச்சீவல் ஒன்றில், காலுறையும் இரண்டு உள்ளாடையும் அனுப்பிய விவரம் இருக்கிறது. வயது சுமார் 1,900 ஆண்டுகள். ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் புதைந்ததால்தான் தப்பியது. ரஷ்யாவின் நோவ்கோரோடில் 13-ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்ஃபிம், பாடம் எழுதிய பூர்ஜ மரப்பட்டையில் தன்னைக் குதிரைவீரனாகக் கிறுக்கிவைத்தான். அந்தக் காலத்துப் பிள்ளையை நமக்குக் காட்டுவது அந்தக் கிறுக்கல்தான்.

கேள்வி: நெருப்பு, வெள்ளம் இரண்டையும் தாங்க எதில் எழுதலாம்?

பதில்: சுட்ட களிமண்ணில். கி.மு. 612-ல் பழைய அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது, அங்கிருந்த நூலகத்தின் களிமண் பலகைகள் பல தீயில் வெந்து இன்னும் இறுகின.

மண்ணோடு ஐந்தில் ஒரு பங்கு சுட்ட மண்தூள் சேர்த்துப் பிசையுங்கள், விரிசல் குறையும். காற்றுக் குமிழி தங்காதபடி அடித்துப் பிசைந்து, 10 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனத்தில் தட்டுங்கள். மண் குழைவாக இருக்கும்போது எழுதினால் கீறலின் இருபுறமும் பிசிறு எழும். அதிகம் காய்ந்துவிட்டால் எழுத்து பொரிந்து உதிரும். விரல் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதமே சரி. 5 மி.மீ. உயர எழுத்து, வரிக்கு வரி 8 மி.மீ. என்று வைத்தால் பத்துப் பதினோரு வரி கொள்ளும். ஒரு வாரத்து மளிகைக்குப் போதும்.

மெய்யெழுத்தின் புள்ளியில் தனிக் கவனம் வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டதால், பதிப்பித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. களிமண்ணிலோ ஊசியால் குத்திய புள்ளி, உதிரும் துகளால் அடைந்துவிடும். ஒன்றரை மி.மீ. மொட்டைக் கம்பியால் அழுத்தி, காய்ந்தபின் மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

நிழலில் பத்து நாள், தினமும் திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் அப்பளமாக வளையும். சூளையில் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே சில மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே தங்கிய நீர் கொதித்துச் சட்டென்று ஆவியானால் பலகை வெடிக்கும். 573 டிகிரியை மெதுவாகக் கடக்க வேண்டும், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் அங்கே சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். 950 முதல் 1,000 டிகிரி வரை சுட்டு, முழுதும் ஆறியபின் திறவுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் எழுத்தை ஆரம்பத்திலேயே சற்றுப் பெரிதாக எழுதுவது நல்லது.

கேள்வி: கடை ரசீதுகளை லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. வெப்பத்தாள் ரசீது சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் மங்கும். அமிலமில்லாத தாளில் பென்சிலால் இன்றே பிரதி எடுங்கள். பென்சில் கரி வெளிறாது.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவின் நாற்பதாயிரம் செய்திகளை பென் டிரைவில் போட்டு எஃகுப் பெட்டியில் புதைத்தால்?

பதில்: பெட்டி பிழைக்கும், செய்தி பிழைக்காது. பென் டிரைவில் எழுத்து என்பது மின்னூட்டம்; அது மெல்லக் கசிந்துவிடும். படிக்கக் கணினியும் வேண்டும். கணினி நிரல்களைச் சேமிக்கும் இணையதளமான கிட்ஹப் 2020-ல் 21 டெராபைட் நிரல்களை 186 ஃபிலிம் சுருள்களில் பதித்து, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுச் சுரங்கத்தில் வைத்தது. ஃபிலிமை வெளிச்சமும் லென்ஸும் கொண்டு பார்க்கலாம் என்பதே அதன் பலம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 20 செ.மீ. செராமிக் பலகைகளைச் சேர்க்கும் முயற்சியும் நடக்கிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சி, குடைந்த இடத்தை மெல்லத் தானே மூடும். உங்கள் குழுவில் சண்டை, சமாதானம், 'சாப்பிட்டாச்சா' மூன்றும் வரும்படி ஐம்பது செய்திகளைத் தேர்ந்து களிமண்ணில் எழுதுங்கள்.

கேள்வி: கான்கிரீட் தொட்டி கட்டிப் புதைக்கலாமா?

பதில்: அமெரிக்காவின் டல்சாவில் 1957-ல் ஒரு புதுக் காரை அப்படித்தான் புதைத்தார்கள். 2007-ல் திறந்தபோது தொட்டியில் தண்ணீர், கார் துருப்பிடித்திருந்தது. ஒரே தொட்டியை நம்பாமல் குறைந்தது மூன்று பிரதிகள் செய்து, வெவ்வேறு ஊர்களில், ஒன்றையாவது மேட்டு நிலத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டும் இருக்கும் இடத்தைக் குறியுங்கள். 1938-ல் நியூயார்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 6939-ல் திறப்பதற்காக ஒரு காலப்பேழையைப் புதைத்தது. இடத்தை விளக்கும் புத்தகத்தை அப்போதே உலகெங்கும் நூலகங்களுக்கு அனுப்பிவிட்டது.

கேள்வி: கண்டெடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால்? பிழைகளைத் திருத்திவிடலாமா?

பதில்: ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் படத்தைக் கீறுங்கள். அளவு புரிய 5 செ.மீ. கோடு ஒன்றைச் சுட்டபின் அளந்து பொறியுங்கள். சுடுமுன் வரைந்தால் சுருங்கிப் பொய் சொல்லும். பிழைகளைத் தொடாதீர்கள். பேச்சு எப்படி ஒலித்தது என்பதற்குப் பிழைகளே சாட்சி. வாங்கவேண்டாம் என்று அடித்த பொருளையும் அடித்தபடியே எழுதுங்கள்.