ராகி பிரெட் செங்கல்லாக வருகிறதா? முதலில் களி கிண்டுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால், மைதா சேர்க்காமல் முழுக்க ராகி மாவிலேயே பிரெட் சுட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் உப்பவே இல்லை, செங்கல் மாதிரி வந்தது. கூடவே வைத்த தக்காளி சூப்பும் பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு எட்டுப் பேர் சாப்பிட உட்காருவோம். எதை மாற்ற வேண்டும்?"

உங்கள் கைப்பக்குவத்தில் தப்பே இல்லை, சகோதரி. ராகியால் முடியாத ஒரு வேலையை அதனிடம் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிரெட் உப்புவது ஈஸ்ட் விடும் வாயுவால். அந்த வாயு வெளியே போகாமல் பிடித்துவைக்க, இழுத்தால் நீளும் ஒரு வலை மாவுக்குள் வேண்டும். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய அந்த வலையாகிறது. அதைத்தான் குளூட்டன் என்கிறோம். ராகியில் அது துளியும் கிடையாது. எவ்வளவு ஈஸ்ட் போட்டாலும் வாயு வந்த வழியே போய்விடும். அதனால் மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ராகி இருக்கட்டும்.

"அவ்வளவு கொஞ்சமா?" என்று தோன்றும். ஆனால் அந்தக் கொஞ்சத்தைப் பச்சை மாவாகச் சேர்க்காமல், நம் ஊர் வழக்கப்படி களியாகக் கிண்டிச் சேர்த்தால் பிரெட்டின் குணமே மாறிவிடும். கொதிநீரில் வெந்த ராகி மாவு தண்ணீரை நன்றாக இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிரெட் மறுநாளும் காயாமல் மெத்தென்று இருக்கும், ராகியின் வாசனையும் தூக்கலாகத் தெரியும். கட்டி தட்டாமல் துடுப்புப் போடுவதில் உங்கள் மாமியார் கைதேர்ந்தவராக இருப்பார். இந்த ஒரு வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அளவு சொல்கிறேன். 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 100 கிராம் சலித்த ராகி மாவைப் போட்டுக் கெட்டியாகக் கிண்டி இறக்குங்கள். விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை ஆற வேண்டும். இதில் அவசரம் கூடாது, சூடான களி ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். ஆறியதும் 250 கிராம் மைதா, 150 கிராம் கோதுமை மாவு, 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, சுமார் 150 மில்லி தண்ணீரில் பிசையுங்கள். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும்படி இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போனால் மறுபடியும் செங்கல்தான். 10 நிமிடமாவது பிசைய வேண்டும்.

அப்புறம் மூடி வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். மார்கழிக் குளிரில், அதுவும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு, இரண்டு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைத்தால் சீக்கிரம் பொங்கும். பொங்கியதும் காற்றை அமுக்கி எடுத்து, சுருட்டி, எண்ணெய் தடவிய இரண்டு சின்ன டின்களில் போட்டு இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

இந்த முக்கால் மணி நேரத்தில்தான் சூப் வேலை. ஒரு கிலோ தக்காளியைப் பாதியாக நறுக்கி, இரண்டு வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் எண்ணெய், உப்போடு 200 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் சுட்டெடுங்கள். தக்காளியின் தண்ணீர் வற்றி இனிப்பு கூடும், பிரெட்டுக்கு ஓவனும் தயாராகச் சூடேறிவிடும். உங்கள் ஊர் மார்க்கெட்டில் கூடை கூடையாக இறங்கும் தக்காளியை வைத்துக்கொண்டு பாக்கெட் சூப் பொடி வாங்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

சரி, பால் ஏன் திரிந்தது? தக்காளியின் புளிப்பு. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் கட்டிக்கொள்ளும், கொதி இருந்தால் இன்னும் வேகமாக. நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம் என்பதால் அது சீக்கிரம் திரியும். சோடா உப்புப் போட்டால் திரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் தக்காளியின் ருசியும் அதோடு போய்விடும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

பாலே வேண்டாம், கொள்ளு இருக்கிறது. 100 கிராம் கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். சுட்ட தக்காளியோடு இரண்டு கரண்டி வெந்த கொள்ளைச் சேர்த்து அரைத்து, கொள்ளு வெந்த தண்ணீரை ஊற்றி, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு ஒரு கொதி விடுங்கள். கிரீம் இல்லாமலேயே கெட்டியாக வரும். மிச்சக் கொள்ளு மறுநாள் கடைசலுக்கு ஆகும்.

பிரெட் 190 டிகிரியில் அரை மணி நேரம் வேகட்டும். டின்னிலிருந்து எடுத்து அடியில் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் வர வேண்டும். அது வந்த பிறகும் ஒரு மணி நேரம் வெட்டாதீர்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும், வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். குழந்தைகள் சுற்றி நிற்கும்போது இதுதான் கஷ்டமான கட்டம், தெரியும்.

மாமனார் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ராகி கலந்தாலும் இது மாவுப்பொருள்தான், சர்க்கரையை ஏற்றும். முழு ராகியில் செய்திருந்தாலும் ஏற்றத்தான் செய்யும். அவருக்கு ஒரு துண்டு பிரெட், கிண்ணம் நிறையச் சூப் என்று வையுங்கள். நாட்டுச் சர்க்கரையை விட்டுவிட்டாலும் மாவு பொங்கும், கொஞ்சம் மெதுவாகப் பொங்கும். அவருடைய அளவை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் பல் தொந்தரவு இருந்தால் ஓரத்தை நறுக்கிவிட்டு நடுப்பகுதியைக் கொடுங்கள். சூப்பில் தொட்டதும் கரைந்துவிடும். நறுக்கிய ஓரங்களைத் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டிச் சூப்பில் தூவினால் பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள்.