முகாமில் பிறந்தவர் சட்டவிரோதக் குடியேறியா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எழுதுகிறேன். அப்பா, அம்மா 1985இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் பதிந்தவர்கள். அம்மாவின் குடும்பம் முதலில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, 77 கலவரத்துக்குப் பிறகு வவுனியா வந்ததாம். அண்ணன் 1986 நவம்பரில் மண்டபத்தில் பிறந்தார். நான் 1991இல் இங்கே பிறந்தேன். மனைவி இந்தியக் குடிமகள். மகள் பிறந்தது 2017இல். குடியுரிமை கேட்டு நான் கொடுத்த மனுவை, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். 2025இல் வந்த புதிய சட்டப்படி எங்களை ஜெயிலில் போடுவார்கள் என்று முகாமில் பேசிக்கொள்கிறார்கள். 2022இல் வந்த சித்தி மகன் தூங்குவதே இல்லை. எனக்குத் துபாயில் ஒரு வேலை காத்திருக்கிறது. “ஆதார் இருக்கிறதே, இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாம், இல்லையென்றால் இலங்கைப் பாஸ்போர்ட்” என்கிறார் ஏஜெண்ட். என்ன செய்வது ஐயா?

பதில்: ஜெயில் பயத்தை முதலில் ஒதுக்கிவைப்போம். நீங்கள் சொல்வது 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம். 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகாமில் கிளம்பிய பேச்சு இந்தப் பிரிவைப் பற்றியதுதான். ஆனால் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா கட்டாயத்திலிருந்து அது விலக்குத் தருகிறது. ஏன் அந்தத் தேதி? அன்றைக்குத்தான் இலங்கையில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதுதான் காரணமா என்று ஆணையில் எழுதியிருக்கவில்லை. எப்படியோ, உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் சிறை கிடையாது. முகாம் பதிவு அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

சித்தி மகன் நிலைமை வேறு. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்து தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. முகாமை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போவதோ, திரும்ப இன்னொரு படகு ஏறுவதோ வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். போலீஸ் வழக்கு இருந்தால் எண்ணைக் குறித்து அனுப்பட்டும், தனியாகப் பார்ப்போம்.

சரி, விலக்கு கிடைத்துவிட்டதே, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயரும் போய்விட்டதா என்றால், இல்லை. சிக்கலே இங்கேதான். அந்தப் பெயர் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2003 திருத்தத்தில் உள்ளே வந்தது. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் பதிவு மூலமோ, நீண்ட காலம் வசித்ததை வைத்துக் கேட்கும் இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. 2019 திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரிடமிருந்து இந்தப் பெயரை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, டெல்லி உங்கள் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பமாட்டேன் என்கிறது, குடிமக்களாகவும் ஏற்கமாட்டேன் என்கிறது. எல்லையைக் காவல் காக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. 40 வருடமாக ரேஷன் அட்டையும் முகாம் கணக்கெடுப்புமாக அரசின் கண்முன்னால் இருப்பவரையும், நேற்று இரவு முள்வேலி தாண்டியவரையும் ஒரே சொல்லில் அடைப்பது எந்தப் பாதுகாப்புக்கு உதவும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. விலக்கு ஆணைக்கு ஏற்றபடி குடியுரிமைச் சட்டத்திலும் ஒரு வரி சேர்த்தால் போதும். அது நாடாளுமன்றத்தின் வேலை. நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அண்ணன் குடியுரிமைக்கு மனுப் போடவே தேவையில்லை. அவர் ஏற்கெனவே குடிமகன். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வாங்கி இப்போதும் பதியலாம்.

நீங்கள் 1991. அந்தக் காலத்தில் பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இல்லையே என்று உடனே சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அம்மாவின் குடும்பம் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்தது.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போன குடும்பங்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பலர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்து, பதிவாகி, பாஸ்போர்ட்டும் வாங்கினார்கள். ஆனால் கப்பல் ஏறவில்லை. கலவரத்தில் வவுனியா பக்கம் ஓடினார்கள். 1984இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது. அப்புறம் உயிர் தப்பப் படகில் வந்தபோது, மண்டபத்தில் ‘அகதி’ என்று எழுதிக்கொண்டார்கள். அதாவது, இந்தியக் குடிமக்களே இந்தியாவில் அகதியாகப் பதிவானார்கள். இது கதையல்ல. என்னிடம் வந்த ஒரு பாட்டி, துருப்பிடித்த மாலிபன் பிஸ்கட் டின்னைத் திறந்து, சேலைத் துண்டில் சுற்றிய கண்டி இந்திய உதவித் தூதரகத்தின் முத்திரை குத்திய தாளை எடுத்து வைத்தார். “இது எதுக்காவது ஆகுமா தம்பி?” என்று கேட்டார்.

உங்கள் தாத்தா அப்படிப் பதிந்திருந்தால், அப்போது மைனராக இருந்த அம்மாவின் பெயரும் அதில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஏறியிருந்தால் அம்மா இந்தியக் குடிமகள். நீங்கள் பிறப்பால் குடிமகன். நீங்களும் மனைவியும் குடிமக்கள் என்பதால் உங்கள் மகளும் குடிமகள். ஆகவே அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். தோட்டத்தின் பெயர், தாத்தாவின் முழுப் பெயர், எந்த வருடம் எழுதிக்கொடுத்தார், ஒப்பந்தத்தில் முன்பே வந்து நீலகிரியிலோ கூடலூரிலோ குடியேறிய சொந்தக்காரர்கள் யார் என்றெல்லாம் கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் குடும்ப அட்டையும் உதவும். வீட்டில் தாள் இல்லாவிட்டால் வெளியுறவு அமைச்சகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் இன்னொரு வாதம் இருக்கிறது. சட்டவிரோதக் குடியேறி என்பவர் ஆவணமில்லாமல் இந்தியாவுக்குள் ‘நுழைந்த’, அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிய வெளிநாட்டவர் என்கிறது சட்டம். நீங்கள் எங்கிருந்து நுழைந்தீர்கள்? ஆஸ்பத்திரியில் பிறந்தீர்கள். திருச்சியில் 1993இல் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கிலும், அவர் ஒருபோதும் இலங்கைக் குடிமகளாக இருந்ததில்லை என்று குறிப்பிட்ட மதுரைக் கிளை, அவர் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லித்தான் உத்தரவிட்டது. மகளுக்கும் இதே வாதம் பொருந்தும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாவிட்டால் குழந்தை குடிமகள். இது வாதம்தான், கையெழுத்தான தீர்ப்பு அல்ல. உயர்நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதோடு, சிறப்புச் சூழ்நிலையில் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிய மத்திய அரசுக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவில் அதிகாரம் உண்டு. மகளுக்காக அந்த மனுவையும் கலெக்டர் வழியாகப் போட்டுவையுங்கள்.

இனி அந்த ஏஜெண்ட். ஆதார், இங்கே வசிக்கிறவருக்குத் தருவது. அது குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. குடிமகனாக இல்லாதவர் அதை மறைத்துப் பாஸ்போர்ட் எடுத்தால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட் யோசனை அதைவிட நைச்சியமானது. அதற்கு உங்கள் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை வாங்க வேண்டும். ஒருவேளை அம்மா வழியில் நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்தால், அந்தக் கையெழுத்தோடு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அம்மாவின் தாள் விஷயம் தெளிவாகும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். துபாய் வேலை கைநழுவலாம், தெரிகிறது. ஆனாலும் வேண்டாம்.

பெட்டியைக் குடையும்போது பழைய தாள் ஏதாவது கிடைத்தால் லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். கிழிந்திருந்தாலும் அப்படியே, பின்பக்க முத்திரையும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.