சீட்டாட்ட வழக்கும் ஆஃபர் லெட்டரும்

அன்புள்ள ஐயா,

2017 தீபாவளியன்று கண்மாய்க் கரையில் சீட்டாடிக்கொண்டிருந்த எங்களைப் போலீஸ் பிடித்தது. ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். பிறகு கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஆளுக்கு 300 ரூபாய் அபராதம் கட்டினோம். இப்போது சென்னையில் ஓர் ஐ.டி. கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. பி.ஜி.வி. (பின்னணிச் சரிபார்ப்பு) படிவத்தில் "குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா? வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?" என்று கேட்கிறார்கள். ஜெயிலுக்கா போனாய், 'இல்லை' என்று போடு என்கிறார்கள் நண்பர்கள்.

என் தம்பி மீது இந்திய தண்டனைச் சட்டம் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) பிரிவுகளில் ஓர் அடிதடி வழக்கு நடக்கிறது. அவன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். எதிர்த்தரப்பு சமாதானத்துக்குத் தயார். நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வயதைப் பாருங்கள். 2017இல் உங்களுக்கு 18 நிரம்பவில்லை என்றால் கதையே வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24இன்படி இது போன்ற சிறு வழக்கால் உங்களுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. பிறப்புச் சான்றிதழோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

18 நிரம்பியிருந்தால் முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை'. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம், 300 ரூபாயானாலும், தண்டனைதான். உங்கள் நண்பர்கள் அதைப் போக்குவரத்து அபராதத்தோடு குழப்புகிறார்கள். ஹெல்மெட் போடாததற்கு சலான் கட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவில் அது இணக்கமாகத் தீர்ந்துவிடும். குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு (பிரிவு 185) அந்தப் பட்டியலில் வராது, கோர்ட்டுக்குத்தான் போகும். ஆகவே "ஃபைன் கட்டியாச்சு" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யாரிடம், எந்தச் சட்டத்தில் கட்டினீர்கள் என்று பாருங்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். யாரோ கொடுத்த மனுவுக்காக ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து சி.எஸ்.ஆர். ரசீதோடு (மனு பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) முடிந்திருந்தால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. 'தண்டனை உண்டா' என்ற கேள்விக்குக் கீழே அதை எழுத வேண்டியதில்லை. ஆனால் சில படிவங்கள் 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா' என்றும் கேட்கும். அப்படிக் கேட்டால் விடுதலையான வழக்கின் கைதையும் சொல்லியாக வேண்டும். அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது: படிவம் குறிப்பாகக் கேட்டதை மறைத்தால்தான் மறைப்பு, மறைத்தது அற்பமான வழக்கென்றால் பணி தருபவர் அதை மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னவரையும் அவர் பரிசீலிக்கலாமே தவிர, எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதுவும் அரசுப் பணி பற்றிய தீர்ப்பு. தனியார் கம்பெனியில் உங்களைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தம்தான். 'தவறான தகவல் தந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம்' என்ற வரி உங்கள் ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இருக்கும், தேடிப் படியுங்கள்.

சீட்டாட்ட வழக்குக்காக ஆளை வேண்டாம் என்று சொல்லும் ஹெச்.ஆர். அபூர்வம். 'இல்லை' என்று எழுதிவிட்டு மாட்டியவரை வைத்துக்கொள்ளும் ஹெச்.ஆர். அதைவிட அபூர்வம். பல இடங்களில் சரிபார்ப்பு அறிக்கை நீங்கள் சேர்ந்த பிறகுதான் வரும். அதற்குள் பழைய வேலையை விட்டிருப்பீர்கள். அதனால் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

எழுதும்போது விளக்கமும் வருத்தமும் வேண்டாம். காவல் நிலையம், குற்ற எண்; தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், பிரிவு (பொது இடமென்றால் பெரும்பாலும் 12); நீதிமன்றம், எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) எண், அபராதம் கட்டிய தேதி, வேறு வழக்கு இல்லை. நான்கு வரி போதும். எண்கள் நினைவில்லை என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், நீதிமன்றம், பெயர், ஆண்டு கொடுத்துத் தேடுங்கள். அங்கே பெயர் ஆங்கிலத்தில் எப்படி ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது, நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். கிடைத்ததும் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பழைய சிறு வழக்குகளின் கோப்புகளை அழித்திருக்கவும் கூடும். அப்படியானால் அதைக் குறித்துத் திருப்பித் தரும் மனுவையே பத்திரப்படுத்துங்கள், அபராத ரசீதோடு.

இ-கோர்ட்ஸில் தேடினேன், ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கம்பெனி நிரந்தர முகவரிக்குக் காவல் சரிபார்ப்பு கேட்டால் உங்கள் ஊர் ஸ்டேஷன் பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நம் ஊரில் இனிஷியல் மட்டும் வைத்துக்கொள்வதால், அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கு உங்கள் அறிக்கையில் ஏறிவிடலாம். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், எஃப்.ஐ.ஆரில் 'த/பெ' என்று இருக்கும் தந்தை பெயர், வயது, முகவரி மூன்றையும் உங்கள் ஆதாரங்களோடு ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள். தந்தை பெயர் வேறென்றால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

தம்பி விஷயம்தான் கடினம். இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, "புகார்தாரர் பிறழ்சாட்சி சொல்லட்டும், விடுதலையாகிவிடும்" என்பது. தனியார் வேலைக்குப் போகிறவருக்கு அது பெரும்பாலும் பரவாயில்லை. காவலர் தேர்வுக்கு அதுவே குழி. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி சிறப்பு விதி 14(பி), சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் 'வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றே கணக்கில் வைக்கிறது. சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பின்னர் மாண்பார்ந்த விடுதலையிலோ 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரின் விவரமே தவறு) என்றோ முடிந்தால், அவர் அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

சமாதானத்திலும் ஒரு முடிச்சு. 323, 506(1) இரண்டையும் கீழ்க் கோர்ட்டிலேயே சமரசம் செய்யலாம். 294(பி) சமரசத்துக்குரிய பட்டியலில் இல்லை. அதனால்தான் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுகிறார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. சமரசத்தை மட்டும் காட்டி ரத்து வாங்கினால், தேர்வு வாரியம் அதை எதிராகப் படிக்க இடமுண்டு. புகாரிலேயே குற்றத்தின் கூறுகள் இல்லை என்ற அடிப்படையிலும் வாதாடி, அது உத்தரவில் வரும்படி கேட்கச் சொல்லுங்கள். 294(பி)க்கு வெறும் வசவு போதாது, ஆபாசமும் அடுத்தவருக்கு எரிச்சலும் இருக்க வேண்டும், பல எஃப்.ஐ.ஆர்.களில் அந்தப் பேச்சு என்னவென்றே இருக்காது. சரிபார்ப்புக்கு முன் உத்தரவு கையில் வர வேண்டும், எனவே அறிவிக்கை வரும்வரை காத்திராமல் இந்த மாதமே மனுவைப் போடுங்கள். உத்தரவு வந்த பிறகும் விண்ணப்பம் கேட்டால் வழக்கு எண்ணை எழுதியே ஆக வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள்.