கும்பிடாமலும் குடியை விடலாம்

கேள்வி: குடியை நிறுத்தி 20 நாள் ஆகிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு இரண்டு முறை போனேன். அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் எல்லாம் கடவுளிடம் ஒப்படைப்பதில் போய் நிற்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேறு குழு உண்டா?

பதில்: உண்டு. இதை வீம்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1935-ல் தொடங்கிய ஏ.ஏ., குடியிலிருந்து மீள வகுத்த 12 படிகளில் ஆறில் கடவுளோ நம்மை மீறிய சக்தியோ வருகிறது. நம்பாதவருக்கு அது இடறத்தான் செய்யும்.

முதலில் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற குழுவைப் பாருங்கள். 1994-ல் உருவானது. பிரார்த்தனை இல்லை, 12 படிகள் இல்லை, ஸ்பான்சர் எனப்படும், புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரும் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அங்கே நடப்பது பெரும்பாலும் எழுத்துப் பயிற்சி. ஒன்றை இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தாளை நான்கு கட்டமாக மடியுங்கள். குடித்தால் லாபம், குடித்தால் நட்டம், விட்டால் லாபம், விட்டால் நட்டம் என எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இப்போதைக்கு’ அல்லது ‘நெடுநாளைக்கு’ என்று குறியுங்கள். குடித்தால் கிடைக்கும் லாபமெல்லாம் ‘இப்போதைக்கு’ பக்கமே குவிவதைக் காண்பீர்கள்.

பலர் கூச்சப்பட்டு முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘தூக்கம் வருகிறது’, ‘நாலு பேர் முன்னால் பேச வருகிறது’ என்று எழுதினால்தானே தூக்கத்துக்கும் கூச்சத்துக்கும் வேறு வழி தேட வேண்டும் என்பது தெரியும்?

லைஃப்ரிங் என்ற இன்னொரு குழுவின் கூட்டம் வேறு மாதிரி. போன வாரம் எப்படிப் போனது, வரும் வாரம் எங்கே சறுக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்டுப் பேசுவார்கள். மனம்விட்டுப் பேசத் துணை தேடுபவருக்கு இது பொருந்தும். ஏ.ஏ.-வுக்குள்ளேயே பிரார்த்தனை இல்லாத மதச்சார்பற்ற கூட்டங்களும் நடக்கின்றன. இந்த மூன்றுக்கும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. இவற்றில் ஒன்று கிடைக்கும் வரை, போய்க்கொண்டிருக்கும் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ. கேட்கும் தகுதி. பிரார்த்தனையின்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: குழு நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரே கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நடத்துபவர் மாறினால் கூட்டத்தின் குணமே மாறும். நான்கு முதல் ஆறு முறை, வெவ்வேறு கிழமைகளில் போய்ப் பாருங்கள். சேரும் முன் கேட்க வேண்டியவை: முழுதாக நிறுத்துவதுதான் இலக்கா, இன்னும் முடிவெடுக்காதவர் வரலாமா? பெயரும் முகமும் காட்டியாக வேண்டுமா? நால்ட்ரெக்ஸோன், புப்ரெனார்ஃபின் போன்ற, பழக்கத்தை விட உதவும் மருந்து எடுப்பவர்களை எப்படிப் பார்க்கிறார்கள்?

‘மாத்திரை போடுகிற வரை நீ விட்டதாகக் கணக்கில்லை’ என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள்பவர் அதைக் கேட்டு மருந்தை விட்டுச் சறுக்கினால் உயிரே போகலாம். உடலின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும்போது முன்பு எடுத்த அளவே கொன்றுவிடும்.

கேள்வி: என் அண்ணன் காலை எழுந்ததும் குடிப்பவர். இன்றோடு நிறுத்திவிட்டுக் குழுவில் சேர்கிறேன் என்கிறார்.

பதில்: அவரைத் தடுக்காதீர்கள், ஆனால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பும், 2-3 நாளில் மனக்குழப்பமும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். அந்த நாட்களைக் குழுவால் கையாள முடியாது. மருத்துவர் மாத்திரையும் தயாமின் என்ற வைட்டமினும் கொடுத்து, தேவைப்பட்டால் உள்நோயாளியாகவே வைத்துக் கவனிப்பார். குழு அதற்குப் பிறகு.

கேள்வி: பக்கத்தில் எந்தக் குழுவும் இல்லை. நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நாங்களே தொடங்கலாமா?

பதில்: மூன்று பேர் தாராளம். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், 75 நிமிடம். முதல் 5 நிமிடம் விதிகளை வாசியுங்கள்: கேட்டது வெளியே போகக்கூடாது, குடித்துவிட்டு வந்தவர் அன்று கேட்கலாம், பேசக்கூடாது. அடுத்து ஆளுக்கு 7 நிமிடம், கடிகாரம் வைத்து. மீதி நேரம் ஒரே ஒரு பயிற்சி. கடைசி 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் வரும் வாரத்தின் ஆபத்தான ஒரு நேரத்தையும் அப்போது செய்யப்போவதையும் சொல்ல வேண்டும். ‘உறுதியாக இருப்பேன்’ என்பது திட்டமல்ல. ‘சம்பள நாளில் ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன்’ என்பது திட்டம்.

இத்தகைய குழுக்கள் கலைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒருவரே தலைவராகிவிடுவது, கைமாற்றுக் கடன், குடித்த நாட்களை ருசித்து விவரிப்பது. மாதம் ஒருவர் நடத்தினால் முதலாவது வராது. கடனை விதியிலேயே தடுத்துவிடுங்கள். மூன்றாவதுதான் கடினம். எந்தச் சரக்கு, எவ்வளவு, எப்படி ஏறியது என்று பேச்சு போகும்போதே எதிரில் இருப்பவருக்கு நாக்கு ஊறும். கையைத் தூக்கி நிறுத்தும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்.

தொலைபேசி எண்களை முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள். தவிப்பு எழுந்து உச்சிக்குப் போய் இறங்கப் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம்தான். அதுவரை பேச ஒருவர் வேண்டும். நடுராத்திரியிலும் எடுப்பவர் யார் என்று பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள்.