டிம்மரைக் குறைத்தால் எல்இடி துடிக்கிறது

பல்பை விடுங்கள், முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைச் சந்தேகப்படுங்கள். நான்கு 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு நான்கு 7 வாட் எல்இடி போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு வெளிச்சத்தில் சரியாக எரிகிறது, குறைத்தால்தான் துடிக்கிறது. முன்பு 240 வாட் சுமை, இப்போது வெறும் 28.

பழைய டிம்மருக்குள் கதவு மாதிரி கரண்டை விட்டு நிறுத்தும் டிரையாக் என்றொரு பாகம் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு 100 முறை திறந்து மூடும். திறந்தபடி நிற்க ஓரளவு மின்னோட்டம் வேண்டும். சுமை போதாவிட்டால் பாதியிலேயே மூடிக்கொள்ளும். அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில். அந்த ஒழுங்கின்மைதான் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரிகிறது.

சோதிக்க எளிய வழி: மெயினை அணைத்துவிட்டு, ஓர் எல்இடியைக் கழற்றி அங்கே பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுங்கள். துடிப்பு நின்றால் சுமைதான் பிரச்சினை. எல்இடிக்கென்றே வரும் டிம்மரை மாற்றினால் போதும். நிற்கவில்லையா, பல்பின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். 'டிம்மபிள்' (வெளிச்சம் குறைக்கக்கூடியது) என்று போடாத பல்புக்கு எந்த டிம்மரும் ஒத்துவராது. அப்புறம், ஃபேன் ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஒன்று மட்டும் கவனம். மற்ற அறை விளக்குகளும் சேர்ந்து மங்கிப் பிரகாசித்தால் அது டிம்மர் கோளாறு அல்ல, எங்கோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் கம்பி, தளர்ந்திருக்கலாம். நீங்களே கைவைக்காமல் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.